தாழியின் முன் ஒரு வினா

மண்ணைத் தோண்டுகிறவர்களை நாம் மூவகையாகக் காண்கிறோம். விதைப்பதற்காகத் தோண்டுகிறார் உழவர். இறந்தோரை அடக்கம் செய்வதற்காகத் தோண்டுகிறார் கல்லறைப் பணியாளர். இவ்விருவரையும் நம் மக்கள் காலங்காலமாக அறிவார்கள். மூன்றாமவர் கையில் சிறு கொத்துக்கரண்டியும் தூரிகையும் கொண்டு, விரற்கடை விரற்கடையாக மண்ணை விலக்குகிறார். அவருக்கு விதைக்கவும் ஏதுமில்லை, புதைக்கவும் ஏதுமில்லை. முன்னோர் விதைத்ததையும் புதைத்ததையும் அறிய வேண்டும் என்னும் வேட்கை ஒன்றே அவருக்குண்டு. அவரைத்தான் தொல்லியலார் என்கிறோம்.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலைப் பெற்றுக்கொண்டு, நாம் மண்ணால் ஆனவர்கள், மண்ணுக்கே திரும்புகிறவர்கள் என்பதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஆயினும் அந்த மண் வாய் திறந்து பேசினால் என்ன சொல்லும் என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? கடந்த அக்டோபரில் எங்கள் பங்குப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவ மாணவியரைக் கீழடி அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றபோது, அந்தப் பேச்சைச் சற்றே கேட்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. அதைவிட, ஒரு சிறுவன் அங்கே கேட்ட கேள்வி எங்கள் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையது என்று கருதியே இதை எழுதுகிறோம்.

மண்ணுக்குள் ஒரு நகர்

சுற்றுலா என்றதும் பிள்ளைகளின் நினைவுக்கு வந்தது கொடைக்கானல்தான். கீழடி என்று அறிவித்ததும் பல முகங்கள் வாடின. 'அங்கே உடைந்த பானைதானே இருக்கும்?' என்று ஒருவன் முணுமுணுத்தது எங்கள் காதிலும் விழுந்தது. எனினும் புளிச்சோற்றுப் பொட்டலங்களும் தண்ணீர்ப் புட்டிகளும் பேருந்தில் ஏறியதும் முணுமுணுப்பு மறைந்து பாட்டு தொடங்கிவிட்டது.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில், வைகைக்கு அருகே உள்ள சிற்றூர் கீழடி. அங்குள்ள பள்ளிச்சந்தைத் திடல் என்னும் தென்னந்தோப்புப் பகுதியின் அடியில் ஒரு பழைய நகரம் உறங்கிக் கிடந்தது. அதன் முதல் அறிகுறிகளைக் கண்டுகொண்டவர்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியர் என்பதைப் பிள்ளைகளுக்குப் பேருந்திலேயே சொல்லி வைத்தோம். 1970களில் அவ்வூர்ப் பள்ளியில் பணியாற்றிய அவர், கிணறு தோண்டிய இடத்தில் கிடைத்தவை என்று மாணவர்கள் கொண்டுவந்த பழம்பொருள்களை ஓரமாக எறிந்துவிடவில்லை. அவற்றைப் பேணிக் காத்து, தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலத்திடம் தெரிவித்தார். பிள்ளைகள் கொண்டுவந்ததை ஓர் ஆசிரியர் பொருட்படுத்தியதில் தொடங்கிய வரலாறு அது.

பல்லாண்டுகளுக்குப் பின், இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த அமர்நாத் ராமகிருஷ்ணாவின் குழுவினர் வைகைக் கரையெங்கும் நடந்து 293 தொன்மையான இடங்களைப் பட்டியலிட்டனர். அவற்றுள் ஒன்றான கீழடியில் 2014-15-ஆம் ஆண்டில் அகழாய்வு தொடங்கியது. 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டது. அங்குக் கிடைத்த பொருள்களைக் காப்பதற்காகச் செட்டிநாட்டுக் கட்டடப் பாங்கில் அமைக்கப்பட்ட அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. தூண்கள் நிறைந்த அதன் தாழ்வாரங்களில் நடக்கும்போதே, அரசு அலுவலகம் ஒன்றில் அல்ல, தாத்தா வீட்டில் நுழைந்த உணர்வு பிள்ளைகளுக்கு ஏற்பட்டது.

அகழாய்வுக் குழி ஒன்றில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரித்துண்டு அமெரிக்க ஆய்வகம் ஒன்றிற்கு அனுப்பப்பட்டது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 580 என்று கணிக்கப்பட்டதை 2019 செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்டது. அந்த ஒரு கணிப்பை நகரம் முழுமைக்கும் எவ்வளவு தூரம் பொருத்தலாம் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதையும் மாணவர்களிடம் மறைக்கவில்லை. முன்னோரின் பெருமையைப் பேசும்போதும் உண்மையின் எல்லையைத் தாண்டாதிருக்கப் பழகுவது நல்ல கிறிஸ்தவக் கல்வியின் ஒரு கூறன்றோ?

அந்த ஆண்டைக் கேட்டதும் மறைக்கல்வி வகுப்பில் படித்ததை நினைவுபடுத்தினோம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பாபிலோனியர் எருசலேமைத் தகர்த்துக் கோவிலை எரித்தார்கள். எரேமியா கண்ணீர் வடித்தது அக்காலத்தில்தான். எசேக்கியேல் நாடு கடத்தப்பட்டவர்களோடு பாபிலோனில் வாழ்ந்ததும் அக்காலத்தில்தான். குயவனின் வீட்டுக்குச் சென்று, சக்கரத்தில் கெட்டுப்போன மண்கலம் மீண்டும் வனையப்படுவதை எரேமியா நோக்கி நின்றாரே, அதே தலைமுறையில் வைகைக் கரையிலும் ஒரு குயவரின் சக்கரம் சுழன்றிருக்கக்கூடும். இதைச் சொன்னபோது, 'அப்போ பைபிள் காலமும் நம்ம ஊர்க் காலமும் ஒண்ணுதானா, டீச்சர்?' என்று ஒரு மாணவி வியப்போடு கேட்டாள். காலம் ஒன்றுதான். அதை ஆள்பவரும் ஒருவர்தான்.

பெயர் எழுதிய பானை

அரங்கு அரங்காக நடந்தோம். கறுப்பும் சிவப்புமான பானைகள், நூல் நூற்க உதவிய தக்களிகள், நெசவுக்குப் பயன்பட்ட எலும்பு முனைகள், யானைத் தந்தச் சீப்பு, சூதுபவள மணிகள், சிறு பொன் அணிகள், சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறு. அரசரின் வாளோ மணிமுடியோ அங்கில்லை. உழைத்து உண்டு உறங்கிய எளிய மனிதரின் வீட்டுப் பொருள்களே எங்கும் நிறைந்திருந்தன.

உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளைக் கண்டதும் மாணவியர் கூட்டமாக நின்றுவிட்டனர். 'இது நாங்க பாண்டி விளையாடுற சில்லு!' என்று அவர்கள் கூவிய கூவலில் காவலரே புன்னகைத்தார். பையன்களுக்குப் பகடைக் காய்கள் பிடித்துப்போயின. அறிஞர் விளக்கங்களைவிட அந்தச் சில்லுகளே பிள்ளைகளை முன்னோரோடு உறவாக்கின. விளையாடத் தெரிந்தவர்கள் என்றால் நம்மைப் போன்றவர்கள்தாம் என்பது குழந்தைகளின் அளவுகோல். அது தவறான அளவுகோலும் அன்று.

அதன்பின் தமிழி எழுத்துகள் கீறப்பட்ட பானையோடுகள். மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை இத்தகைய 56 ஓடுகளைக் குறிப்பிடுகிறது. அவற்றில் 'ஆதன்', 'குவிரன்' என்னும் பெயர்கள் படிக்கப்பட்டுள்ளன. ஆதன் என்றதும் ஒருவன், 'ஆதாம்!' என்று உரக்கச் சொல்லிவிட்டான். சிரிப்பு எழுந்தது. ஓசை ஒன்றுபோல் இருப்பதால் சொல் ஒன்றாகிவிடாது என்று விளக்கினோம். ஆதன் என்பது பழந்தமிழரிடையே வழங்கிய பெயர். ஆதாம் என்பது மனிதன் எனப் பொருள்படும் எபிரேயச் சொல். இரண்டுக்கும் மொழியளவில் உறவில்லை.

தொல்லியல் திருச்சபைக்கு அந்நியமான துறையன்று என்பதையும் அவ்விடத்தில் சொன்னோம். ஸ்பெயின் நாட்டில் பிறந்து 1922-இல் பம்பாய்க்கு வந்த இயேசு சபைக் குரு ஹென்றி ஈராஸ், சிந்துவெளி முத்திரைகளைத் திராவிட மொழிகளின் துணைகொண்டு படிக்கப் பெரிதும் முயன்றார். தம் ஆய்வுகளைத் திரட்டி 1953-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய வாசிப்புகளைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை எனினும், இம்மண்ணின் பழமையை இறைவனின் கைவேலையாக மதித்துத் தேடிய குரு ஒருவர் நமக்கு முன் இருந்தார் என்பது மகிழ்ச்சிக்குரியது.

'இந்தப் பேருக்குப் பின்னாடி சாதிப் பேரு எதுவும் இல்லையே, சார்?' என்றான் மற்றொருவன். கூர்மையான கவனிப்பு. சில பானையோடுகளைக் கொண்டு அக்காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் இறந்தோர் உறங்கும் கல்லறைத் தோட்டத்திலும் சாதியின் பெயரால் சுவர் எழுப்பிய வரலாறு நமக்குண்டு என்பதை எண்ணியபோது, அச்சிறுவனின் சொல்லுக்கு மறுமொழி கூற நாங்கள் விரையவில்லை. மண் எல்லாரையும் ஒரே நிறமாக்கிவிடுகிறது என்று மட்டும் சொல்லி நடந்தோம்.

தாழியின் முன்

கீழடி மக்கள் வாழ்ந்த இடம் என்றால், அடுத்துள்ள கொந்தகை அவர்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்த இடம். பெரிய மண்தாழிகளில் உடலையோ எலும்புகளையோ வைத்து, சிறு கலங்களையும் மணிகளையும் உடன் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். 2020-இல் அங்கே ஒரு குழந்தையின் எலும்புக்கூடும் கண்டெடுக்கப்பட்டது. கொந்தகையில் கிடைத்த இரு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்கூடம் அவர்களின் முகங்களை மீட்டுருவாக்கி 2025-இல் வெளியிட்டதையும் சொன்னோம். உலர்ந்த எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கில் எசேக்கியேல் கண்ட காட்சியை அருட்சகோதரி நினைவூட்டினார். எலும்போடு எலும்பு சேர்ந்து, நரம்பும் தசையும் படர்ந்து, இறுதியில் உயிர்மூச்சு புகுந்ததாக வரும் காட்சி அது. அறிவியலால் முகம்வரை வர முடிகிறது. மூச்சைத் தருவதற்கு இறைவன்தான் வர வேண்டும் என்றார்.

அப்போதுதான் அச்சிறுவன் கேட்டான். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை.

'சிஸ்டர், இவங்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் இல்லையே. இவங்க மோட்சத்துக்குப் போயிருக்க மாட்டாங்களா?'

மறைக்கல்வி வகுப்பில் இக்கேள்வி எழுவது புதிதன்று. பொதுவான விடையைத் தொடங்கினோம். ஆனால் அவன் முகம் தெளியவில்லை. பிள்ளைகள் அடுத்த அரங்குக்கு நகர்ந்தபின் அருட்சகோதரி அவனருகே நின்றார். மெல்லிய குரலில் அவன் சொன்னான்: 'எங்க தாத்தா ஆடி மாசம் செத்துட்டாரு, சிஸ்டர். அவரு கிறிஸ்தவர் இல்ல.'

அவனுடைய தாய் கத்தோலிக்கர். தந்தையின் குடும்பத்தார் வேற்றுச் சமயத்தினர். ஞாயிறுதோறும் அவனை மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, திருப்பலி முடியும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்து அழைத்துச் செல்லும் முதியவரைப் பங்கிலுள்ள எல்லாரும் அறிவார்கள். துக்க வீட்டில் உறவினர் ஒருவர், திருமுழுக்குப் பெறாததால் அவருக்கு மீட்பு இல்லை என்று கூறியிருக்கிறார். மூன்று மாதமாக அந்தச் சொல்லை எவரிடமும் சொல்லாமல் சுமந்து வந்திருக்கிறது அப்பிள்ளை. 2500 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களைப் பற்றி அவன் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் இறந்த ஒருவரைப் பற்றியே கேட்டான்.

திருச்சபை கற்பிப்பது என்ன?

இக்கேள்விக்கு இரக்கத்தால் மட்டும் விடை சொல்வது போதாது. உண்மையோடு சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் இதே கேள்வியை வாய்விட்டுக் கேட்க அஞ்சி நிற்கிறார்கள். ஆகவே திருச்சபையின் படிப்பினையை இங்கே சுருக்கமாக நினைவுகூர்வோம்.

1964 நவம்பர் 21-ஆம் நாள் வெளியிடப்பட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம், தன் 16-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகக் கூறுகிறது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும், நேரிய உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சான்றின் வழியே அவரது திருவுளத்தை அறிந்து நிறைவேற்ற முயல்வோர் நிலைவாழ்வை அடைய முடியும் என்பதே அதன் சாரம். அதுவும் மனிதரின் சொந்த முயற்சியால் அன்று, இறையருளால். மறு ஆண்டில் வெளிவந்த இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு இன்னும் ஒருபடி சென்று, இறைவன் மட்டுமே அறிந்த வகையில் தூய ஆவியார் எல்லா மனிதருக்கும் கிறிஸ்துவின் பாஸ்கா மறைபொருளில் பங்குபெறும் வாய்ப்பைத் தருகிறார் எனக் கற்பிக்கிறது. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகள் குறித்தும், அவர்களின் மீட்பை எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்று பன்னாட்டு இறையியல் குழு 2007-இல் வெளியிட்ட ஆவணம் விளக்குகிறது.

இவை சங்கத்தில் புதிதாகப் பிறந்த கருத்துகள் அல்ல. திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போதெல்லாம், சிலுவையில் இறந்த ஆண்டவர் பாதாளத்தில் இறங்கியதை அறிக்கையிடுகிறோம். விரைந்து செபிக்கையில் நம் நாவு அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. பேதுருவின் முதல் திருமுகமும் இறந்தோருக்கு நற்செய்தி அறிவிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. கீழைத் திருச்சபைகளின் உயிர்ப்புத் திருவோவியத்தில் ஆண்டவர் கல்லறையிலிருந்து தனியே எழுந்து வருவதில்லை. உடைந்த கதவுகளின்மேல் நின்று, ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் பற்றித் தூக்குகிறார். ஆதாமின் கையைத் தேடிச் சென்ற அந்தக் கை, வைகைக் கரையின் ஆதனைத் தேடாமலா விட்டிருக்கும்?

அப்படியானால் திருமுழுக்கு எதற்கு, நற்செய்திப் பணி எதற்கு என்று சிலர் வினவுவர். கிணறு தோண்டத் தெரிந்தவன், மழையும் பெய்கிறதே என்று கிணற்றைத் தூர்த்துவிடுவதில்லை. ஆண்டவர் திருமுழுக்கைக் கட்டளையாகத் தந்தார். அருளின் நிச்சயமான ஊற்றாகத் தந்தார். அதை அறிந்த நமக்கு அது கடமை. ஆனால் அருளடையாளங்களுக்கு நாம் கட்டுப்பட்டவர்களேயன்றி, அவற்றுக்குள் இறைவனை அடைத்துவைக்க நமக்கு அதிகாரமில்லை.

இன்னொரு வினாவும் எழலாம். கீழடி மக்கள் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்கவே வாய்ப்பில்லாதவர்கள். இந்தத் தாத்தாவோ கோவில் வாசல்வரை வந்தவராயிற்றே? உண்மை. ஆயின் அவர் நம்மிடம் கேட்டது நற்செய்தியையா, அல்லது நம் பங்குச் சண்டைகளின் இரைச்சலையா? வேப்பமரத்தடியில் இருந்தவரை உள்ளே வந்து அமருமாறு நம்மில் எவர் அழைத்தோம்? ஓர் உள்ளம் எதை அறிந்தது, எதை அறிய முடியாமற்போனது என்பதை நிறுக்கும் தராசு இறைவன் கையில் மட்டுமே உள்ளது. துக்க வீட்டில் அந்தத் தராசைத் தம் கையில் எடுத்துக்கொள்வோர், தாமும் ஒருநாள் அதில் ஏற வேண்டியிருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவையும் ஒரு சிறுவனிடம் சொல்ல முடியுமா? அருட்சகோதரி அவனிடம் சொன்னது இரண்டே வாக்கியம்: 'உன் தாத்தா உன்னை ஞாயிறுதோறும் யாரிடம் கூட்டிட்டு வந்தாரு? அவரு தாத்தாவை மறந்துடுவாரா?' சிறுவன் வெகுநேரம் அந்தத் தாழியையே பார்த்துக்கொண்டிருந்தான். பின், 'அவருக்குப் பூசை வைக்கலாமா?' என்று கேட்டான்.

பெயர் சொல்லி மன்றாடுவோம்

வைக்கலாம். 1983-இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 901-ஆவது சட்டம், உயிரோடிருப்போர், இறந்தோர் எவருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. அந்த 'எவரும்' என்னும் சொல்லில் சமய எல்லை வகுக்கப்படவில்லை. நற்கருணை மன்றாட்டுகளுள் நான்காவதும், கிறிஸ்துவின் அமைதியில் இறந்தோரோடு, தம் நம்பிக்கை இறைவனுக்கு மட்டுமே தெரிந்திருக்க இறந்துபோன அனைவரையும் நினைவுகூர்கிறது. ஒவ்வொரு முறையும் அம்மன்றாட்டைக் கேட்டுவிட்டு 'ஆமென்' சொல்லும் நாம், வீட்டுக்குச் சென்று அவர்களுக்கு மீட்பில்லை எனத் தீர்ப்புரைப்பது எப்படிப் பொருந்தும்?

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள் வந்தது. பங்கு வழக்கப்படி, இறந்தோரின் பெயர்களைத் தாளில் எழுதிப் பீடத்தின் அருகிலுள்ள பெட்டியில் இட்டோம். அச்சிறுவனும் எழுதினான். அவனுடைய தந்தை, முன்பு கோவிலுக்குள் வராதவர், அன்று அவனோடு வந்து கடைசி வரிசையில் நின்றார். மதம் மாற வேண்டும் என்றோ, வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றோ அவரிடம் எவரும் எதிர்பார்க்கவில்லை. தம் தந்தையின் பெயர் பீடத்தருகே இருந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வைகைக் கரையில் ஒருவர், இது தம்முடையது என்பதற்காகப் பானையில் தம் பெயரைக் கீறினார். பானை உடைந்தது, வீடு சரிந்தது, நகரம் மண்ணுக்குள் சென்றது. எஞ்சியது ஒரு பெயர். உடைந்த ஓட்டில் கீறிய பெயரைக் காக்க மண்ணுக்கே இத்தனை நினைவாற்றல் உண்டென்றால், அந்த மண்ணைப் படைத்தவரின் நினைவை நாம் எங்ஙனம் அளப்போம்?

வாசக நெஞ்சங்களே, நம் இல்லங்களிலும் திருமுழுக்குப் பெறாது மறைந்த தாத்தா பாட்டிகள், மாமன்மார், மருமக்கள், அண்டை வீட்டார் உண்டு. அவர்களுக்காக மன்றாடத் தயங்க வேண்டாம். வரும் நவம்பரில் நாம் எழுதும் தாளில் அவர்கள் பெயர்களும் இடம்பெறட்டும். எவர் பெயரையும் எழுத மறந்துவிடுவோமோ என்று அஞ்சினால், கொந்தகைத் தாழிகளில் உறங்கிய பெயரறியா மக்களையும் சேர்த்து, எல்லாப் பெயர்களையும் அறிந்தவரிடம் ஒப்படைப்போம்.